மோசடி செய்த நிறுவனத்தை வகுப்பில் நடத்துவது எப்படி? புதிதாக எம்.பி.ஏ. பாடம் எடுப்பவர்களுக்கு

ஹைதராபாத்தின் சத்யம் மென்பொருள் நிறுவனத்தில் நடந்த கணக்கு மோசடியை ஒரு கேஸாக, அதாவது உண்மைச் சம்பவத்தை வைத்து வகுப்பில் விவாதிக்கும் பாடமாக, நான் முதல் தடவை நடத்தியபோது பதினைந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன் சேர்மன் ராமலிங்க ராஜு கணக்கில் பொய் எழுதினார், மாட்டிக்கொண்டார், ஜெயிலுக்குப் போனார் என்று நான் கதை சொல்ல, பையன்கள் "பேராசை சார்" என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். மீதி முப்பத்தைந்து நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் யூனிட் டெஸ்ட் போர்ஷனை ஆரம்பித்தேன். அன்றைக்கு யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, நானும்தான்.

அதற்குப் பிறகு நான்கு பேட்சுக்கு இதே கேஸை மாற்றி மாற்றி நடத்தி, ஒவ்வொரு தடவையும் எங்காவது இடறி, இப்போதுதான் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஒரு சாதாரணக் கல்லூரி என்னுடையது. மாணவர்களில் பாதிப்பேர் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள், லைப்ரரியில் பெரிய சந்தா எதுவும் கிடையாது. அதே நிலைமையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து "பிசினஸ் எத்திக்ஸ்" பேப்பர் தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் கேஸைத் தேர்ந்தெடுங்கள்

மோசமான நிர்வாகம் என்றதும் நோக்கியா, கோடாக் என்று போய்விடாதீர்கள். அவை தொழிலில் தோற்ற கதைகள், யாரையும் ஏமாற்றிய கதைகள் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் நஷ்டமடைவது தப்பு, லாபம் வந்தால் சரி என்ற எண்ணம் மாணவர் மனதில் ஏறிவிடும். அதை அப்புறம் இறக்குவது கஷ்டம்.

நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். நீதிமன்றமோ ஒழுங்குமுறை அமைப்போ உத்தரவு போட்டுவிட்டதா? அந்த உத்தரவு இலவசமாகக் கிடைக்கிறதா? மாட்டிக்கொண்டவர்களில் கீழ்நிலை, நடுநிலை ஊழியர்கள் இருக்கிறார்களா? மூன்றாவதுதான் முக்கியம். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் யாரும் நாளைக்கே ஒரு நிறுவனத்துக்குச் சேர்மன் ஆகப்போவதில்லை. மேலே இருப்பவர் சொன்னதைச் செய்யும் இடத்தில்தான் இருப்பார்கள்.

இந்த மூன்றுக்கும் ஒத்துவரும் கேஸ்கள் எனக்குத் தெரிந்து நிறைய உண்டு. ஃபைனான்ஸ், ஆடிட், போர்டு பற்றி என்றால் சத்யம் (2009). மார்க்கெட்டிங், ஹெச்.ஆர். வகுப்பு என்றால் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. விற்பனை டார்கெட்டை எட்ட வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குத் திறந்தார்கள், 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். எம்.பி.ஏ. முடித்ததும் தனியார் வங்கியில் சேல்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், அவர்களுக்கு இது நேரடியாகச் சுடும். ஆபரேஷன்ஸ் என்றால் ஃபோக்ஸ்வாகன் (2015). உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது. சிறைக்குப் போனவர்களில் ஒரு என்ஜினியரும் உண்டு, 40 மாதத் தண்டனை.

முதல் தடவை என்றால் சத்யத்தையே எடுங்கள். நம் நாட்டுச் சட்டம், நம் ரூபாய்க் கணக்கு, அப்போது ஹைதராபாத் இருந்தது நம் பக்கத்து மாநிலத்தில். கீழே எல்லாவற்றையும் அதை வைத்தே சொல்கிறேன்.

2. ஆவணங்களைச் சேருங்கள்

இதில்தான் நான் அதிக நாளைத் தொலைத்தேன். செய்திக் கட்டுரைகளையும் யூடியூப் வீடியோக்களையும் பார்த்துக் குறிப்பெடுத்தேன். ஒன்றில் ஒரு தொகை, இன்னொன்றில் வேறு தொகை. அந்தப் பக்கமே போகாதீர்கள், மூல ஆவணங்களிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேண்டியவை இவை:

2009 ஜனவரி 7-ஆம் தேதி ராஜு போர்டுக்கு எழுதிய கடிதம். சிறிய கடிதம்தான். பங்குச்சந்தைகளுக்கும் அனுப்பப்பட்டதால் எளிதாகக் கிடைக்கும். முக்கியமான எண்கள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. வராத வட்டி 376 கோடி வந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். 1,230 கோடி கடன் கணக்கில் இல்லை. வரவேண்டிய பாக்கியாகக் காட்டியதில் 490 கோடி பொய். கூட்டினால் 7,136 கோடி. அதோடு 2008 செப்டம்பர் காலாண்டின் உண்மைக் கணக்கும் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிறுவனத்தின் 2007-08 ஆண்டறிக்கை. சத்யம் நியூயார்க் பங்குச்சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்ததால் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் எட்கர் தளத்தில் தேடலாம், காசு கிடையாது. இருநூறு பக்கத்துக்கு மேல் வரும், பயப்படாதீர்கள். பேலன்ஸ் ஷீட், லாப நட்டக் கணக்கு, கேஷ் ஃப்ளோ, ஆடிட்டர் கையெழுத்துப் பக்கம், இந்த நான்கு போதும்.

2008 டிசம்பர் 16 அறிவிப்பு. ராஜு குடும்பத்தின் மேய்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேய்டாஸ் இன்ஃப்ரா என்ற இரண்டு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் போர்டு ஒப்புக்கொண்ட அறிவிப்பு இது. முதலீட்டாளர்கள் கொதித்துப்போய், சில மணி நேரத்திலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

அப்புறம் உத்தரவுகள். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2014 ஜூலை உத்தரவு செபி இணையதளத்தில் இலவசம். ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரல் 9-இல் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்த பொறி. தீர்ப்பைப் பார்த்ததும் அதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். அடுத்த மாதமே, 2015 மே மாதத்தில், மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. ஆடிட் செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழுமத்துக்கு 2018 ஜனவரியில் செபி இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. அதை 2019 செப்டம்பரில் பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது, அதன் பிறகு செபி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நான் 2018 தடையை மட்டும் சொல்லிப் பாடம் எடுத்தேன், சி.ஏ. இன்டர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து "அது செட் அசைட் ஆகிடுச்சே சார்" என்றார். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து ஒவ்வொரு உத்தரவுக்கும் பக்கத்தில் "இதற்குப் பின் என்ன ஆனது, எந்தத் தேதியில் பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வேறு இந்திய நிறுவனத்தை எடுப்பதாக இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்துக்கு 100 ரூபாய் கட்டி, அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். பணம் கட்டிய பிறகு பார்ப்பதற்குக் கால வரம்பு உண்டு, ஆகவே நல்ல இணைய இணைப்பு இருக்கும்போது உட்கார்ந்து ஒரே மூச்சில் இறக்கிக்கொள்ளுங்கள்.

3. செலவைக் கணக்குப் போடுங்கள்

ஹார்வர்டு பிசினஸ் பப்ளிஷிங், ஐ.ஐ.எம். அகமதாபாத் கேஸ் சென்டர், இங்கிலாந்தின் கேஸ் சென்டர், இவர்களிடம் தயார் நிலையில் எழுதிய கேஸ்கள் விலைக்குக் கிடைக்கும். ஆசிரியர் என்று கல்லூரி மின்னஞ்சல் வழியாகப் பதிவு செய்தால் ஹார்வர்டு தளத்தில் உங்களுக்கு மட்டும் பார்வைப் பிரதி இலவசமாகக் கிடைக்கும். பதிவை அவர்கள் சரிபார்க்கச் சில நாள் ஆகலாம், செமஸ்டர் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். டீச்சிங் நோட், அதாவது கேஸை எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்கான குறிப்பு, எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கவாவது பதிவு செய்வது நல்லது.

ஆனால் மாணவர்களுக்குக் கொடுக்கத் தலைக்கு ஒரு பிரதி வாங்க வேண்டும். பிரதிக்கு 4 டாலர் என்று வைத்தாலும் 60 பேருக்கு இருபதாயிரம் ரூபாய். ஒரே ஒரு கேஸுக்கு! எங்கள் நிர்வாகம் அதைக் கேட்டதும் ஃபைலை மூடிவிட்டது. ஒரு பிரதி வாங்கி ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்து அறைக்காரர் யோசனை சொல்வார், கேட்காதீர்கள். பதிவு செய்யும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைக்கு எதிரானது அது. நடத்தப்போகும் பாடம் நேர்மையைப் பற்றியது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூல ஆவணங்களில் இந்தச் சிக்கல் குறைவு. நீதிமன்றத் தீர்ப்புகளை மறுபிரதி எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 சொல்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியர் பயன்படுத்தும் பகுதிகளுக்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் சொன்னதும் இதையொட்டித்தான்.

என் கணக்கு இப்படி: 12 பக்கத் தொகுப்பு, ஐந்து பேருக்கு ஒன்று வீதம் 12 செட், 144 பக்கம். தலைக்கு இரண்டு பக்கச் சொல் விளக்கம், 120 பக்கம். வகுப்பில் பின்னால் கொடுக்கும் இரண்டு தாள்கள், இன்னொரு 120. பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றால் நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் இரண்டு வருடம் கைக்காசுதான், மூன்றாவது வருடம் துறைச் செலவில் சேர்த்துவிட்டார்கள்.

4. எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

வாய்மொழியாகச் சரி என்று சொன்ன அதே ஹெச்.ஓ.டி., யாராவது கேள்வி கேட்டால் "என்னிடம் சொல்லவே இல்லையே" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. லெசன் பிளானில் கேஸின் பெயர், தேதி, எந்த யூனிட், எந்தக் கோர்ஸ் அவுட்கம் என்று எழுதி, செமஸ்டர் முதல் வாரத்திலேயே கையெழுத்து வாங்கிக் கோர்ஸ் ஃபைலில் வையுங்கள்.

பிளேஸ்மென்ட் ஆபீசரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனத்தின் பெயர் கேஸில் வந்தால் அவருக்குச் சங்கடம். சத்யம் 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா கைக்குப் போய் 2013-இல் அதோடு இணைந்துவிட்டது என்பது மாணவர்களுக்கும் தெரியாது, பல ஆசிரியர்களுக்கும் தெரியாது. மோசடி பழைய நிர்வாகத்தின் காலத்தது என்பதைத் தொகுப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

5. நாட்களைத் திட்டமிடுங்கள்

50 நிமிட பீரியடில் இது நடக்காது. அடுத்தடுத்து இரண்டு பீரியட் வேண்டும், டைம்டேபிள் போடும்போதே கேட்டு வாங்குங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட் வேண்டாம்.

ஆவணம் தேடித் தொகுக்க முதல் தடவை எனக்கு மூன்று வார இறுதி பிடித்தது. மாணவர் கையில் தொகுப்பு பத்து நாள் முன்னாலேயே போய்ச் சேர வேண்டும். ஒரு வாரத்துக்கும் குறைவாகக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், ஒரு மாதம் கொடுத்தாலும் படிக்க மாட்டார்கள். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரத்தைக் கட்டாயம் தவிருங்கள்.

இரண்டு பக்கச் சொல் விளக்கம் என்று சொன்னேனே, அதைத் தமிழில் எழுதுங்கள். ரொக்க இருப்பு என்றால் என்ன, வரவேண்டிய பாக்கி என்றால் என்ன, சுதந்திர இயக்குநர் யார், வங்கி உறுதிக் கடிதத்தை ஆடிட்டர் எப்படி வாங்க வேண்டும், ஒரே குடும்பத்தின் இரண்டு நிறுவனங்களுக்கிடையே நடக்கும் பரிவர்த்தனையில் என்ன ஆபத்து. இதை நான் கொடுக்காத வருடம் பேசியது ஆறே பேர், ஆறு பேரும் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். கொடுத்த வருடம், அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் கேஷ் ஃப்ளோவில் கை வைத்தான். விவாதமும் தமிழில் நடக்கட்டும். பரிட்சையை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும், யோசிப்பதற்கு மொழி தடையாக இருக்கக் கூடாது.

6. வகுப்பை நடத்துங்கள்

முடிவை முதலில் சொல்லாதீர்கள். என் பதினைந்து நிமிட வகுப்பு படுத்ததற்குக் காரணமே அதுதான். வில்லன் யாரென்று தெரிந்துவிட்டால் எல்லோரும் நல்லவர்களாகி எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நான் கொடுக்கும் 12 பக்கத் தொகுப்பு 2008 டிசம்பர் 16 காலையோடு நின்றுவிடும். ஆண்டறிக்கையின் நான்கு பக்கங்கள், போர்டு உறுப்பினர் பட்டியல், செப்டம்பர் காலாண்டு முடிவு, பங்கு யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற விவரம், மேய்டாஸ் கொள்முதல் விவரம். அவ்வளவுதான். பெயரை மறைத்து "நிறுவனம் ச" என்றும் கொடுத்துப் பார்த்தேன், செல்போனில் கேட்டால் நொடியில் பெயர் வந்துவிடுகிறது, ஆகவே இப்போது மறைப்பதில்லை. "கதை தெரிந்தவர்கள் தெரிந்தே இருங்கள், ஆனால் இந்த அறைக்குள் இன்றைய தேதி டிசம்பர் 16" என்று சொல்லிவிடுவேன். அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் பீரியட். உள்ளே போனதும் முன்னுரை எதுவும் வேண்டாம். "நீங்கள் எல்லோரும் போர்டு உறுப்பினர்கள். நிறுவனத்திடம் ஐயாயிரம் கோடிக்கு மேல் ரொக்கம் இருக்கிறது. சேர்மன் தன் குடும்பத்தின் இரண்டு ரியல் எஸ்டேட், கட்டுமான நிறுவனங்களை அந்தப் பணத்தில் வாங்கலாம் என்கிறார். சரி என்பவர் கை தூக்குங்கள்." எண்ணிக்கையைக் கரும்பலகையின் மூலையில் எழுதுங்கள், கடைசி வரை அழிக்காதீர்கள். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பாதிக்கு மேல் சரி என்றுதான் கை தூக்குகிறார்கள்.

அதன் பிறகு காரணம் கேளுங்கள். நீங்கள் குறைவாகப் பேசுங்கள். "பெரிய ஆட்கள் இருக்கும் போர்டு சார், அவர்கள் பார்த்துத்தானே சொல்லியிருப்பார்கள்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்போது போர்டு பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் ஒருவர், ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன், அமைச்சரவைச் செயலாளராக இருந்தவர் ஒருவர், எல்லோரும் அதில் இருந்தார்கள். 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. அன்றைக்கு உண்மையிலேயே போர்டு ஒப்புதல் கொடுத்தது. இதை நிதானமாகச் சொல்லுங்கள். மாணவர்களை மட்டம் தட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள், அவர்களைவிடப் பல மடங்கு படித்தவர்களும் அதே கையைத்தான் தூக்கினார்கள்.

"இவ்வளவு ரொக்கம் சும்மா வங்கியில் ஏன் கிடக்கிறது?" என்ற கேள்வி யாரிடமிருந்தாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அங்கேயே பத்து நிமிடம் நில்லுங்கள். வராவிட்டால் நீங்கள் கேட்காதீர்கள், இடைவேளையில் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

இரண்டாம் பீரியட். இப்போது ராஜுவின் கடிதத்தையும் காலாண்டு எண்களையும் சேர்த்து ஒரே தாளாகக் கொடுங்கள். 2008 செப்டம்பர் காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, உண்மையில் 2,112 கோடி. காட்டிய இயக்க லாபம் 649 கோடி, உண்மையில் 61 கோடி. 24 சதவீத லாபம் என்றது 3 சதவீதம்தான். இரண்டு ஜோடியையும் கழிக்கச் சொல்லுங்கள், நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள். 588 கோடி, 588 கோடி. ஒரே எண் இரண்டு தடவை வருவது ஏன் என்று கேளுங்கள். பொய் வருமானத்துக்குச் செலவே கிடையாது, முழுத் தொகையும் அப்படியே லாபத்தில் போய் விழுகிறது, அந்த லாபத்துக்கு ஈடாக எங்கேயாவது ரொக்கம் இருப்பதாகக் காட்ட வேண்டும், அப்படித்தான் இல்லாத பணம் பேலன்ஸ் ஷீட்டில் காலாண்டுக்குக் காலாண்டு மலையாகக் குவிந்தது. இதை அவர்களே கண்டுபிடிக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வேலையும். மேய்டாஸை ஏன் வாங்கப் பார்த்தார் என்பதும் அப்போது தானாகப் புரிந்துவிடும்: இல்லாத ரொக்கத்தின் இடத்தில் இருக்கிற நிலத்தை வைக்கப் பார்த்தார்.

புலி மேல் சவாரி செய்வதுபோல ஆகிவிட்டது, இறங்க வழி தெரியவில்லை என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. மாணவர்கள் அதில் சொக்கிப்போய்விடுவார்கள், அரை மணி நேரம் ராஜுவின் மனநிலை பற்றியே பேசுவார்கள். விடாதீர்கள். அடுத்த தாளைக் கொடுத்துவிடுங்கள்.

அந்தத் தாளில் தண்டிக்கப்பட்ட 10 பேரின் பதவிகள் மட்டும் இருக்கும், பெயர் வேண்டாம். சேர்மன், அவருடைய சகோதரர்கள் இருவர், தலைமை நிதி அதிகாரி, வெளி ஆடிட்டர்கள் இருவர், உள் தணிக்கைத் தலைவர், நிதிப் பிரிவு ஊழியர்கள் மூவர். "மூன்று வருடம் கழித்து இதில் எந்த நாற்காலியில் நீங்கள் இருக்க வாய்ப்பிருக்கிறது?" என்று கேளுங்கள். கடைசி மூன்று பேர்மேல் விரல் போய் நிற்கும்.

அப்போது கேளுங்கள்: ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் கணினிக்குள் போயிருக்கின்றன, சேர்மன் உட்கார்ந்து தட்டியிருக்க மாட்டார். உங்கள் மேலதிகாரி ஒரு இன்வாய்ஸை ஏற்றச் சொல்கிறார், உங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

போன வருடம் ஒருவன், பின் பெஞ்சில் உட்காரும் பையன், "நான் போட்டிருப்பேன் சார்" என்றான். "எஜுகேஷன் லோன் இருக்கு. வேலையை விட்டுட்டு வந்தேன்னு வீட்டுல போய்ச் சொல்ல முடியாது." யாரும் சிரிக்கவில்லை. அவனை நான் திருத்தவும் இல்லை, நன்றி சொன்னேன். அந்த நேர்மை வந்த பிறகுதான் உருப்படியான பேச்சு ஆரம்பித்தது. சந்தேகத்தை மின்னஞ்சலில் எழுதிக் கேட்பது, பதிலை வைத்துக்கொள்வது, கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 177-இன்படி பட்டியலிட்ட நிறுவனங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய புகார் வழிமுறை, ஆடிட் கமிட்டியை நேரடியாக அணுகும் வழி, பிரிவு 447-இல் மோசடிக்கு என்ன தண்டனை, கடைசியாக ராஜினாமா. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். புகார் செய்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், நம்பமாட்டார்கள்.

7. உள்ளூர் கேஸ் எழுதுவதாக இருந்தால் மிகவும் கவனம்

இரண்டாம் வருடம் எனக்கு ஆசை வந்தது, நம் ஊர்ப்பக்கத்து மோசடி ஒன்றை எழுதினால் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்குமே என்று. அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒரு நிதி நிறுவனம். பெயரை மாற்றி, ஊரை மாற்றி எழுதினேன். வகுப்பில் "மாதம் பத்து சதவீத வட்டி என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ஒரு மாணவி எழுந்து வெளியே போனார். அவருடைய அம்மா நகையை விற்று அதில்தான் போட்டிருந்தார். பெயரை மாற்றியது எதற்கும் உதவவில்லை, அவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கிறது.

அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வகுப்பில், ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும்படி நான் கேட்ட கேள்வி தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த மாணவி பிறகு, அம்மாவை நம்பவைத்த ஏஜென்ட் சொந்தக்காரர் என்பதையும், முதல் நான்கு மாதம் வட்டி ஒழுங்காக வந்ததையும் தானாகவே எழுதிக் கொடுத்தார். நான் எழுதிய கேஸைவிட அந்த ஒன்றரைப் பக்கத்தில் விஷயம் அதிகம். அதை நான் வகுப்பில் பயன்படுத்தவில்லை, அது அவருடையது.

ஆகவே உள்ளூர் கேஸ் எடுத்தால் இதைச் செய்யுங்கள். ஒரு வாரம் முன்பே வகுப்பில் தலைப்பைச் சொல்லி, சங்கடம் இருப்பவர்கள் தனியாக வந்து சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வேறு அசைன்மென்ட் தருகிறேன் என்று அறிவியுங்கள். விசாரணையில் இருக்கும் வழக்கைத் தொடாதீர்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை மோசடிக்காரர் என்று அச்சடித்துக் கொடுத்தால் அவதூறு வழக்கு வரும், முன்பு இ.பி.கோ. 499, 500 என்று இருந்தது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 356. முதலீட்டாளர் பாதுகாப்புக்கான 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தின் கீழ், டான்பிட் நீதிமன்றம் என்கிறோமே, அந்தச் சிறப்பு நீதிமன்றங்கள் தீர்ப்புக் கொடுத்துவிட்ட வழக்காகப் பாருங்கள். 2012 வாக்கில் கொங்குப் பகுதியில் வெடித்த ஈமு கோழிப் பண்ணை மோசடிகளில் தீர்ப்பு வந்தவை உண்டு. தீர்ப்பில் இருப்பதை மட்டும் எழுதுங்கள், டீக்கடையில் கேட்டதை எழுதாதீர்கள்.

ஒரு நிறுவனத்துக்குள் போய்ப் பேட்டி எடுத்து எழுதுவதானால், வெளியிடச் சம்மதம் என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்காமல் ஒரு பக்கம்கூடப் பிரதி எடுக்காதீர்கள். சம்மதம் கொடுக்க இரண்டு மாதம்கூட ஆகலாம், பல சமயம் கொடுக்கவே மாட்டார்கள்.

8. மதிப்பெண்

"இந்தக் கேஸிலிருந்து நீங்கள் கற்றது என்ன?" என்று கேட்டால் அறுபது பேரும் "நேர்மையே சிறந்த கொள்கை" என்று எழுதித் தருவார்கள். நான் கேட்பது ஒரு பக்கக் குறிப்பு: நீங்கள் அந்த நிதிப் பிரிவு ஊழியர், தலைமை நிதி அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், இன்வாய்ஸில் எந்த எண் இடிக்கிறது என்று குறிப்பிட்டு. கையால், வகுப்பிலேயே, இருபது நிமிடத்தில். வீட்டுக்குக் கொடுத்தால் இயந்திரம் எழுதியதுதான் வரும். இன்டர்னலில் 10 மதிப்பெண்: எண்ணைச் சரியாகப் பிடித்ததற்கு 4, கேட்ட தெளிவுக்கு 4, தொனிக்கு 2. குற்றம் சாட்டாமல் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த 2.

9. வகுப்பு முடிந்த அன்றே

அன்று மாலையே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்: வாக்கெடுப்பில் எத்தனை பேர், எந்தக் கேள்வியில் வகுப்பு சூடு பிடித்தது, எங்கே தூங்கினார்கள், நான் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி எது. மறுநாள் எழுதினால் பாதி மறந்துவிடும். இந்தக் குறிப்புதான் அடுத்த வருடத்துக்கான உங்கள் டீச்சிங் நோட்.

ஜூன் மாதத்தில், செமஸ்டர் தொடங்கும் முன், செபி தளத்தையும் நீதிமன்றத் தளங்களையும் ஒரு தடவை திறந்து கேஸில் ஏதாவது புதிய உத்தரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள், அரை நாள் வேலை. 2014 செபி உத்தரவில் திருப்பிக் கட்டச் சொன்ன தொகைகூட மேல்முறையீடுகளுக்குப் பின் மாறியிருக்கிறது, பழைய தாளையே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.